நாகம்மாவின் கால்மேல் விழுந்த பழி

எங்கள் ஊரில் ஒரு ட்ராக்டர் கெட்டுப்போனால் முதலில் வந்து நிற்கிறவன் மெக்கானிக் இல்லை, வேலைவெட்டி இல்லாதவன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றுவான், டயரை ஓர் உதை உதைப்பான், கோளாறு இதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஓட்டுவது ஒரு பெண் என்றால் அந்தச் சுற்றும் உதையும்கூட வேண்டாம். அவள் காலில்தான் கோளாறு என்று கைகாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த ஆடியில் ஊரே நாகம்மாவின் காலைப் பற்றித்தான் பேசியது. பால் சொசைட்டியில் பேசினார்கள், ஜவளகிரி பஸ்ஸில் பேசினார்கள், மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க நின்ற வரிசையில்கூடப் பேசினார்கள். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என்னை இதே ஊர் சொல்கிறது. இருக்கட்டும். கோளாறு தொடங்கியதும் முடிந்ததும் என் நிலத்தில், எங்கள் பேச்சில் சொன்னால் என் கொல்லையில்தான். அதனால் நடந்ததைச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ள ஆள் இங்கே கிடையாது.

நாகம்மா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவள் பேசிய தமிழில் பாதி கன்னடமாக இருக்கும். இப்போது சண்டைகூடத் தமிழில்தான் போடுவாள், கோபம் தலைக்கேறினால் மட்டும் தாய்வீட்டுப் பேச்சு வரும். புருஷன் திருமலைக்கு ஓசூரில் ஒரு சின்ன பட்டறையில் இரும்பு, பித்தளை கடைகிற சி.என்.சி. மெஷின் ஓட்டும் வேலை. வாரம் பூராவும் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். இவளும் கொஞ்ச காலம் தளி ரோட்டில் ரோஜா வளர்க்கிற பாலி ஹவுஸுக்குப் போனாள். பாத்ரூம் போய் வர ஏன் இவ்வளவு நேரம் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டான். பூ வெட்டும் கத்திரியை அவன் மேஜைமேல் வைத்தாள். "நீயே போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதே எனக்கு இவளைப் பிடித்துப்போயிற்று.

ட்ராக்டர் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆர்.சி. புத்தகம் மட்டும் திருமலையின் அண்ணன் சென்னகிருஷ்ணன் பெயரில் இருக்கிறது. அவர் முழங்கால் வலி என்று ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. டிரைவர் வைத்து ஓட்டினார்கள். ஒரு விதைப்பு நேரத்தில் அந்த டிரைவர் பெங்களூரில் தண்ணீர் லாரி ஓட்டப் போகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். மண் ஈரமாக இருக்கிறது, வண்டி சும்மா நிற்கிறது. நாகம்மா ஏறி உட்கார்ந்தாள். முதல் நாள் அவள் உழுத சால் மாடு மூத்திரம் பெய்த மாதிரி வளைந்து வளைந்து போனது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த பருவத்தில் நூல் பிடித்த மாதிரி ஓட்டினாள்.

அதற்குப் பிறகு அவளைத் தேடித்தான் வந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். கொல்லையைப் பார்ப்பது பெண்கள்தான். வருகிற டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பீடி வாங்கிக் கொடுத்து, அவன் பல்லிளிப்பதையும் பொறுத்துக்கொண்டு நிற்பதைவிட நாகம்மாவைக் கூப்பிட்டுவிட்டு நிம்மதியாக வரப்பில் உட்காரலாம். அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் அவள் நாகம்மா. கீழே இறங்கினால் திருமலை பெண்டாட்டி, சென்னகிருஷ்ணன் தம்பி பெண்டாட்டி. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சென்னகிருஷ்ணனுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று திருவிழாவில் யாரோ அவரைச் சீண்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு வண்டியைப் பார்த்தாலே எரிந்தது.

இந்த வருஷம் கோடையில் டீசல் திருட்டு ஆரம்பித்தது. கொட்டகையில் நிற்கும் வண்டியில் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு, டேங்க் மூடியையும் எங்கேயோ வீசிவிட்டுப் போய்விட்டான் எவனோ ஒரு புண்ணியவான். நாகம்மா டேங்க் வாயில் ஒரு பழைய துணியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினாள். அதைக் கேட்ட திருமலைக்குப் பொறுக்கவில்லை. கடையில் விற்கும் தகர மூடி வேண்டாம், நானே செய்கிறேன் என்று பட்டறையில் பித்தளையில் ஒரு மூடி கடைந்துகொண்டு வந்தான். அதில் பூட்டு, சாவி, உள்ளே ரப்பர் வளையம். தங்கம் மாதிரி மின்னியது. திருகினால் வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போய் உட்கார்ந்தது. "சொட்டு டீசல் வெளிய வராது, ஒரு பொட்டு தூசி உள்ள போவாது" என்று ஊரில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஓசூரில் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. துளி இடைவெளி இருந்தாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. நானும் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்து ஆஹா ஓஹோ என்று சொன்னவள்தான்.

ஆடி பிறந்து முதல் மழை விழுந்ததும் கேழ்வரகு விதைக்க என் கொல்லைக்கு வந்தாள். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் இளைத்தது. முடுக்கினாள். முடுக்க முடுக்க இன்னும் அடங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. சும்மா நிறுத்தி வைத்தால் சாயங்காலம்வரை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். கலப்பையை மண்ணில் இறக்கி ரேஸ் கொடுத்தால் உயிர் போய்விடும்.

நாகம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தாள். "காத்து அடைச்சிக்கினா கரும்புகை வரும்க்கா. புகையே வரல. டீசல்தான் பத்தல" என்றாள். டீசல் ஃபில்டரை மாற்றினாள், குழாயை ஊதிப் பார்த்தாள், டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தாள். மறுநாள் மறுபடியும் அதே கதை. கர்நாடகாவில் போய் டீசல் அடிப்பதால்தான் என்று ஒருவன் சொன்னான். அதே பெட்ரோல் பங்கில்தான் சொன்னவன் வண்டிக்கும் அடிக்கிறான். அவன் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று நான் கேட்டேன், ஆளைக் காணோம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஆஞ்சப்பன் வந்தார். நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். வந்ததும் டேங்கைத் திறக்கச் சொன்னார். நாகம்மா சாவி போட்டுத் திறந்தாள். டீசலைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மூடியைக் கழற்றி மட்கார்டுமேல் வைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தார். கத்தியது பாருங்கள், காட்டு எல்லைவரை கேட்டிருக்கும். கலப்பையைப் போட்டு அவரே ஒரு சுற்று ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் டேங்கைத் திறந்தார், பார்த்தார், ஓட்டினார், ஓடியது.

"வண்டில ஒண்ணுமில்லம்மா" என்றார் ஆஞ்சப்பன். "நீ க்ளட்ச் மேலயே காலை வச்சிக்கினு ஓட்டற. அப்புறம் இழுவை எங்கேர்ந்து வரும்?"

"க்ளட்ச் வழுக்கினா எஞ்சின் கத்தும், வண்டிதான் நிக்கும். இங்க எஞ்சினே அடங்குதுங்க" என்று அவள் சொன்னாள். எவ்வளவு நியாயமான பேச்சு! ஆஞ்சப்பன் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற சென்னகிருஷ்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் பால் ஊற்றும் நேரத்தில், சொசைட்டி வாசலில், கூட்டம் பார்த்து அவர் சொன்னார்: "நாகம்மா, அடுத்த மழைக்குள்ள வண்டி ஒழுங்கா ஓடணும். இல்லன்னா என் வாசல்ல கொண்டாந்து நிறுத்திடு. நான் ஆள வச்சு ஓட்டிக்கறேன். நீ காலை நீட்டிக்கினு வீட்ல இரு."

நாகம்மா பால் கேனை இறக்கி வைத்தாள். "ஓடும் மாமா. ஓட வச்சிக் காட்டறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. வரும் வழியில் மட்டும் என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மழை வரும்வரை வண்டியோடுதான் குடித்தனம் செய்தாள். பகலெல்லாம் என் கொல்லையில் ஓட்டிப் பார்ப்பாள், நிற்கும், இறங்கித் தேடுவாள். "நில்பேடா, நில்பேடா" என்று, நிற்காதே என்று எஞ்சினைக் கன்னடத்தில் அதட்டுவாள். டீசல் கொண்டுபோகும் பம்பைக் கழற்றி மாட்டினாள். ஆள் கறுத்துப் போனாள். மழை பெய்து ஓய்ந்தது, சென்னகிருஷ்ணன் நாளைக் காலையில் சாவி வாங்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மத்தியானமும் வண்டி அதே மேட்டில் நின்றது.

வழக்கமாகக் காலையில்தான் டேங்கைத் திறப்பாள்; அன்று டீசல் இருக்கிறதா என்று பார்க்க, வண்டி நின்ற கையோடு பூட்டைத் திறந்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். வரப்பில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"அக்கா, கேட்டீங்களா?"

"என்னாடி அது, பாம்பா?"

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தாள். முழு ரேஸ் கொடுத்து மேட்டில் ஏறினாள், இறங்கினாள், திரும்பவும் ஏறினாள். நிற்கவே இல்லை. பிறகு மூடியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் இளைத்து நின்றது. திறந்தாள், புஸ். ஓடியது. பூட்டினாள், நின்றது. இப்படி அவள் மாற்றி மாற்றிச் செய்தபோது அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இறங்கி வந்து எனக்கு விளக்கினாள். டீசல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலேயிருந்து காற்று வர வேண்டும். கடை மூடியில் அதற்கென்று ஓர் ஊசித் துளை இருக்கும். திருமலையின் மூடியில் துளையே இல்லை. வண்டி சும்மா நிற்கும்போது குடிக்கிற டீசல் கொஞ்சம், எங்கேயோ கசிந்து வருகிற காற்று போதும். முடுக்கினால் அதிகம் குடிக்கிறது, காற்று பத்தவில்லை, டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. துணி கட்டி ஓட்டியபோது ஒரு தொந்தரவும் இல்லை. ஆஞ்சப்பன் வந்தபோதெல்லாம் மூடி மட்கார்டுமேல் கிடந்தது.

சொல்லி முடித்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் ஊர் பேசிய பேச்செல்லாம் ஓர் ஊசித் துளை இல்லாததால்!

அங்கேயே நின்று திருமலைக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அவன் முதலில் நம்பவில்லை. "அது எப்டி? கேஜ் வச்சி செக் பண்ணினது. பர்ஃபெக்டா இருக்குதே!"

"பர்ஃபெக்டா இருக்கறதுதான் கோளாறு" என்றாள் நாகம்மா.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணனாண்ட சொல்லிடாத நாகு. மெஷின் ஓட்றவன் ஒரு மூடி செய்யத் தெரியாதவன்னு ஊர்ல சிரிப்பானுங்க. பம்ப் போயிடுச்சு, மாத்திட்டேன்னு சொல்லிடு. ஞாயித்துக்கெழமை வந்து துளை போட்டுத் தரேன்."

"உங்க மூடியோட மானம் பெருசா, எங்காலோட மானம் பெருசா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

"இப்பவே போய்ச் சொல்லலாம் வா, சென்னகிருஷ்ணன் வீட்டு வாசல்லயே நின்னு சொல்லலாம்" என்று நான் குதித்தேன். அவள் வேண்டாம் என்றாள். "சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. இத்தினி நாளா சொல்லிக்கினுதான இருந்தேன்."

காலையில் சென்னகிருஷ்ணன் ஆஞ்சப்பனையும் கூட்டிக்கொண்டு என் கொல்லைக்கே வந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டுமல்லவா. விதைப்புக்குக் காத்திருந்த பெண்கள் வரப்பில் நின்றார்கள். நாகம்மா டேங்க் நிறைய டீசல் ஊற்றி, பித்தளை மூடியை இறுக்கிப் பூட்டி, அந்தச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க மாமா. காலு நல்லா இருக்கறவங்க ஓட்டினா ஓடுதான்னு பாக்கலாம்."

அவர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை, தாவி ஏறினார். எனக்கு விஷயம் தெரியும், வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் சுற்று ஜோராகப் போனது. "பாத்தியா ஆஞ்சப்பா, எப்டி இழுக்குது!" என்று கத்தினார். இரண்டாவது சுற்றும் போனது. அடுத்த சுற்றில் அதே மேட்டில் எஞ்சின் இளைத்தது. முடுக்கினார். இன்னும் முடுக்கினார். நின்றது. ஸ்டார்ட் செய்தார், முடுக்கினார், நின்றது. காலைத் தூக்கித் தூக்கி க்ளட்சைப் பார்த்துக்கொண்டார். வரப்பில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

ஆஞ்சப்பன் ஓடினார். "டேங்கைத் தொறம்மா, டீசல் பாக்கணும்" என்றார்.

நாகம்மா நிதானமாக நடந்து போனாள். "தொறக்கறேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்ப யாரு காலு?"

அவள் சாவி போட்டு மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே இறங்கியது. மெக்கானிக்குக்கு அந்த ஒரு சத்தம் போதும். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! நான் வந்தப்பல்லாம் இது தொறந்தே கெடந்துச்சேம்மா. தப்பாச் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காத" என்றார். அந்த மனுஷனை அப்போதே மன்னித்துவிட்டேன்.

சென்னகிருஷ்ணன் சீட்டைவிட்டு அசையவில்லை. "எவன் செஞ்ச மூடி இது?"

"உங்க தம்பி" என்றாள். திருமலைக்காக ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"தெரிஞ்சிக்கினேவா என்னை ஏத்தி விட்ட?"

"ஆமா. எங்காலு இல்லன்னு எத்தினி தரம் சொன்னேன், யாரு காதுல போட்டுக்கினீங்க? உங்க காலுக்கும் நின்னாத்தான நம்புவீங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஸ்டியரிங்கைத் தட்டினார். "சரி, சரி. கோளாறு தெரிஞ்சிபோச்சில்ல. மூடிக்குத் துளை போட்டுக்கலாம். தளிலேர்ந்து ஒரு பையன வரச் சொல்லியிருக்கறேன், இனிமே அவன் ஓட்டுவான். நீ வீட்டுக்குப் போ."

என் ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நாகம்மா ஏறி ஃபுட்போர்டில் நின்றாள். அவர் முகத்துக்கு நேராக அவள் முகம்.

"சொசைட்டி வாசல்ல நீங்க என்னா சொன்னீங்க? வண்டி ஓடலன்னாதான் உங்க வாசலுக்கு. வண்டி ஓடுது. எறங்குங்க மாமா."

புருஷனின் அண்ணனைப் பார்த்து எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வரப்பைப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. நானும் நன்றாக நிமிர்ந்து நின்றேன். ஆஞ்சப்பன் மெதுவாகச் சொன்னார், "எறங்குங்கய்யா, ஈரம் காயுது." அவர் இறங்கினார். இறங்கும்போது மட்டும் முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது.

நாகம்மா உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். டேங்க் வாயில் துணியைக் கட்டி, மூடியை என் கையில் போட்டாள். சென்னகிருஷ்ணன் போகவில்லை, வரப்போரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார். எஞ்சின் சத்தத்தில் அவர் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என் கொல்லைக்கு எப்ப வருவ?"

"வரிசைல வரேன் மாமா" என்றாள் அவள். "அக்கா கொல்லை முடியட்டும். அப்புறம் இவங்க எல்லாம் மழைலேர்ந்து காத்துக்கினு கெடக்கறாங்க. கடைசில நீங்க."

தளியிலிருந்து வரவேண்டிய பையன் வந்தானா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் கொல்லைகளில் கேழ்வரகு முளைத்துப் பச்சை தெரிந்த பிறகுதான் சென்னகிருஷ்ணன் கொல்லையில் கலப்பை இறங்கியது. அதுவரை தினமும் காலையில் அவர் நாகம்மா வீட்டு வாசலுக்கு வந்து, இன்றைக்கு என் முறை வருமா என்று கேட்டுவிட்டுப் போனார்.